தமிழ்ப் பெயரை முதலில் வடிவமையுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி தொழில்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும், பெயர் முடிவானதும் அடுத்து தேடுவது லோகோதான். கூகுளில் நாலு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு "இந்த மாதிரி போட்டுக் குடுங்க" என்று டிடிபி சென்டரில் போனை நீட்டுகிறார்கள், அங்கே ஆங்கிலப் பெயரை நடுவில் அழகாக நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் தமிழ்ப் பெயரை இழுத்தோ நசுக்கியோ வைத்துத் தருகிறார்கள். ஆனால் நம் ஊரில் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் படிக்கப்போவது அந்தக் கீழ் வரியைத்தான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒரே விஷயம்: தமிழ் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், லோகோ, நிறம், பெட்டி, போர்டு எல்லாம் அதை ஒட்டி வரட்டும்.

எங்கே நின்று படிக்கப்போகிறார்கள்?

ஒரு தாளை எடுத்து உங்கள் பெயர் எங்கெல்லாம் வரும் என்று எழுதுங்கள். கடை போர்டு, பில் புக், பை, பவுச், அட்டைப்பெட்டி, டெம்போ கதவு, வாட்ஸ்அப் படம், ரப்பர் ஸ்டாம்ப். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், படிக்கிறவர் எவ்வளவு தூரத்தில் இருப்பார், நிற்பாரா போய்க்கொண்டிருப்பாரா, பகலா இரவா என்பதையும் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் போனால் டிசைனர் தன் திரையில் எது நன்றாகத் தெரிகிறதோ அதைத்தான் தருவார், அவர் பார்ப்பது ஒன்றரை அடி தூரத்திலிருந்து.

நெடுஞ்சாலை ஓரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் தாண்டி வடக்கே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. உங்கள் மாம்பழக் கடையின் போர்டு 60 மீட்டர் நெருங்கிய பிறகுதான் படிக்க முடிகிறது என்றால், ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவு. அதற்குள் படித்து, நிறுத்தலாமா என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டு, பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்து ஓரம் கட்ட முடியாது. ஆகவே அந்த போர்டில் கடைப் பெயரை விட "மாம்பழம்" என்ற ஒரு சொல்தான் பெரிதாக இருக்க வேண்டும், கடைக்கு 200, 300 மீட்டர் முன்னாலேயே ஓர் அம்புக்குறியோடு இன்னொரு சின்ன போர்டு இருந்தால் இன்னும் நல்லது (பட்டா நிலத்தில், நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு வையுங்கள், நெடுஞ்சாலைக்குச் சொந்தமான இடத்தில் அனுமதி இல்லாமல் போர்டு நடக் கூடாது).

எழுத்து எவ்வளவு பெரிது வேண்டும் என்பதற்கு போர்டு தொழிலில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: வசதியாகப் படிக்க, ஒவ்வொரு 10 அடி தூரத்துக்கும் 1 அங்குல உயரம். 100 அடியிலிருந்து படிக்க 10 அங்குல எழுத்து. ஆனால் இது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. தமிழில் நீங்கள் அளக்க வேண்டியது "ப", "ட" மாதிரி எழுத்துகளின் உடம்பை மட்டும். "கி", "கீ" போன்றவற்றில் மேலே நிற்கும் வளைவையும் கீழே இறங்கும் சுழியையும் சேர்த்து 10 அங்குலம் என்று சொல்லிவிட்டால் உண்மையான எழுத்து 6 அங்குலம்தான் வரும். ஞ, ண, ஊ, ழ போன்ற கோடுகள் அதிகமுள்ள எழுத்துகள் பெயரில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். 100 அடி தூரத்து 10 அங்குல எழுத்தும் 10 அடி தூரத்து 1 அங்குல எழுத்தும் கண்ணுக்கு ஒரே அளவுதான். போர்டின் முழு டிசைனையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஏ4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள், பத்தடி தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். உங்கள் பெயரை ஏற்கெனவே தெரிந்தவரைக் கேட்பதில் பயனில்லை. தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அங்கேதான் வேலை பாக்கி இருக்கிறது.

எழுத்துரு (ஃபாண்ட்) எடுக்கும்போது பார்க்க வேண்டியவை

தமிழுக்கு ஆங்கிலம் மாதிரி பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது, சாய்வெழுத்து மரபும் கிடையாது. ஆகவே ஒரு சொல்லைத் தூக்கிக் காட்ட நம்மிடம் இருப்பவை தடிமன், அளவு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம், இவ்வளவுதான். சாதாரண எழுத்தைக் கணினியில் சாய்த்து விடுவது, அகலத்தை மட்டும் பிடித்து இழுப்பது, வெளிக்கோடு போட்டுத் தடிமன் ஏற்றுவது எல்லாம் எழுத்தைக் கெடுக்கும் வேலைகள். இழுத்தால் நிற்கும் கோடு தடித்துப் படுக்கும் கோடு மெலிந்து போகும், வெளிக்கோடு ஏற்றினால் உள்ளே இருக்கும் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் தடித்ததாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள்.

எந்த எழுத்துருவைப் பார்த்தாலும் முதலில் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள், கூடவே சில இணைகளையும்: ர, ா, எ, ஏ, ஒ, ஓ, கெ, கே, கி, கீ, ல, ள, ழ, ன, ண. சில நவீன எழுத்துருக்களில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் ஒரு சின்னக் கீழ்க்கோடு மட்டும்தான், போர்டில் தூசு படிந்தால் அதுவும் போய்விடும். கெ, கே இரண்டுக்கும் கொம்பின் மேல் சுழிதான் வித்தியாசம், அது சின்னதாக இருந்தால் தூரத்தில் இரண்டும் ஒன்று. புள்ளி இன்னும் முக்கியம். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளாமல், கோட்டின் தடிமனுக்குக் குறையாத அளவில், தனியாகத் தெரிய வேண்டும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களின் வட்டெழுத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள், படித்துப் பழகியவர்தான் பிரித்தறிய வேண்டும். கடை போர்டைப் படிக்கிறவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பது போல வைத்தால் மேல் வரியின் "கூ", "ழு" கீழ் வரியின் "கீ", "வ்" மேல் இடிக்கும். எழுத்தளவில் ஒன்றரை மடங்கு இடைவெளியில் தொடங்கி, கண்ணுக்குப் பார்த்துக் குறையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ரொம்ப விரிக்கவும் வேண்டாம், "கொ", "சௌ" போன்ற எழுத்துகளின் உறுப்புகள் தனித்தனியாகப் பிரிந்து, எது எதோடு சேர்ந்தது என்றே தெரியாமல் போகும்.

சரி, எங்கே எடுப்பது? கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் திறந்த உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, வணிகத்துக்கும் இலவசம். அனேக் தமிழ் என் முதல் தேர்வு, ஏனென்றால் அதில் தடிமனை மட்டுமல்லாமல் அகலத்தையும் மாற்றலாம். நீளமான பெயர் குறுகிய போர்டில் வர வேண்டுமென்றால் அதன் ஒடுங்கிய வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம், எழுத்தை நசுக்க வேண்டியதில்லை. கட்டமரான் ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது, முக்த மலர், ஹிந்த் மதுரை இரண்டும் பில், பட்டியல், வலைப்பக்கம் போன்ற சிறிய எழுத்து வேலைகளுக்கு அடக்கமானவை. பேக்கரி, குழந்தை உடை, தின்பண்டம் என்றால் உருண்டு தடித்த பலூ தம்பி பொருந்தும். நகை, பட்டு, சித்த மருந்து, நாட்டு மருந்துக்கடை மாதிரி பழமை வேண்டிய தொழிலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ் இரண்டையும் பாருங்கள், கோடு தடித்து மெலிந்து ஓடும். கவிவனர் கையெழுத்து மாதிரி இருக்கும், ஒரு வரி வாசகத்துக்கு நல்லது, போர்டின் முக்கியப் பெயருக்கு வேண்டாம். ஒரு தொழிலுக்கு இரண்டு எழுத்துரு போதும், பெயருக்கு ஒன்று, மற்றதுக்கெல்லாம் ஒன்று.

பழைய தோற்றம் வேண்டும் என்று சிலர் யானைத் தும்பிக்கை போட்ட பழைய "லை", "னை" வடிவங்களைக் கேட்கிறார்கள். 1978-இல் அரசாணை வந்து எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு பள்ளிக்குப் போன தலைமுறை அவற்றைப் புத்தகத்தில் படித்ததில்லை. தாத்தா காலத்து மளிகை, 60, 70 வருடமாக நடக்கிற மிட்டாய்க் கடை என்றால் அந்த வடிவம் உண்மையாகவே உங்களுடையது, அலங்காரமாக ஓர் இடத்தில் வையுங்கள். நேற்று திறந்த கடைக்கு அது ஒட்டாது.

கையால் எழுதும் ஓவியரை விட்டுவிடாதீர்கள்

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போர்டு எழுதும் ஓவியர்களுக்கு வேலை குறைந்துவிட்டது, ஆனால் தமிழ் எழுத்தின் வளைவு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு சிறிய தொழிலுக்குச் செலவுக்கேற்ற பலன் தருகிற வேலை, உங்கள் பெயரை ஓர் ஓவியரை வைத்து வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பெரிதாக எழுதி வாங்குவதுதான். மூன்று நான்கு விதமாக எழுதச் சொல்லுங்கள், அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், எல்லா இடத்திலும் பயன்படுத்துவேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு அதை ஸ்கேன் செய்து, கோரல்ட்ராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ கோடுகளாகத் திருப்பி வரைந்தால் வெக்டர் கோப்பாகிவிடும், ரப்பர் ஸ்டாம்பிலிருந்து இருபதடி போர்டு வரை உடையாமல் பெரிதாகும். அந்த எழுத்து வேறு எந்தக் கடையிலும் இருக்காது. கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துரு எல்லாருக்கும் பொது, பக்கத்துக் கடைக்காரரும் நாளைக்கு அதையே எடுக்கலாம்.

படம் வைப்பதிலும் இதே கவனம் வேண்டும். ஒகேனக்கல் அருவிப் படத்தையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாம்பழப் படத்தையும் எல்லாரும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். நம் பக்கத்து உருவங்கள் எவ்வளவோ இருக்கின்றன: பெங்களூரா மாங்காயின் கிளி மூக்கு நுனி, ராகிக் கதிரின் மடங்கிய விரல்கள், பரிசலின் பின்னல், நடுகல்லின் மேல் வளைவு. இவற்றில் ஒன்றை நாலைந்து கோட்டில் வரைந்து பெயரோடு வைத்தால் போதும். ஏஐ மென்பொருளில் படம் உருவாக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, படத்தை வேண்டுமானால் அதில் எடுங்கள், தமிழ் எழுத்தை அதற்குள்ளேயே எழுதச் சொல்லாதீர்கள். இல்லாத எழுத்துகளையெல்லாம் எழுத்து மாதிரியே வரைந்து தந்துவிடும், அவசரத்தில் பார்த்தால் தெரியாது.

தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம்

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும், அடுத்தது ஆங்கிலம், பிறகு மற்ற மொழி, இடம் 5:3:2 என்ற விகிதத்தில். சட்டத்துக்காக மட்டும் இதைச் செய்கிறவர்கள் அதிகாரி வந்து கேட்ட பிறகு ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டுகிறார்கள், அது ஒட்டுப்போட்ட மாதிரியே தெரிகிறது. தொடக்கத்திலேயே தமிழை வைத்து வடிவமைத்தால் இந்த விகிதம் தானாக வந்துவிடும்.

ஆங்கிலத்தைத் தமிழுக்குப் பக்கத்தில் வைக்கும்போது மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே எழுத்தளவு (பாயின்ட்) போட்டால் சமமாக வராது. ஆங்கிலம் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால் அதுவே கத்தும். ஆங்கிலத்தைச் சிறிய எழுத்துகளில் எழுதி, அதன் உடம்பு உயரத்தைத் தமிழ் "ப" உயரத்தை விடக் கொஞ்சம் குறைவாக வைத்து, கோட்டின் தடிமன் இரண்டிலும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, பெங்களூருவிலிருந்து வருகிற வாடிக்கையாளரும் உண்டு. அங்கே மூன்று, நான்கு மொழி போடுவது மரியாதையான காரியம். ஆனால் நாலு மொழிக்கு நாலு விதமான எழுத்துரு போட்டால் போர்டு கலைந்துபோகும். அனேக், பலூ, நோட்டோ மூன்றிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ஒரே சாயலில் வரைந்த வடிவங்கள் கிடைக்கின்றன, அவற்றில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு, கன்னட எழுத்துகளுக்குக் கீழே ஒத்தெழுத்துகள் (கூட்டெழுத்தின் இரண்டாம் பகுதி) தொங்கும், அதற்கு இடம் விடுங்கள். அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் அச்சுக்கு முன் காட்டாமல் விடாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் எழுதுகிறோம், ஓசூர் என்றும் ஒசூர் என்றும் எழுதுகிறோம். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், போர்டு, பில், லேபிள், கூகுள் மேப் எல்லாவற்றிலும் அதுவே இருக்கட்டும்.

நிறம்

மாம்பழத் தொழில் என்றால் மஞ்சள், ஆரஞ்சு, ஒரு பச்சை இலை. சிறுதானியம் என்றால் பழுப்புக் காகிதத்தில் பச்சை எழுத்து. கிருஷ்ணகிரியில் ஒரு கடை அலமாரியில் மாம்பழக்கூழும் ஊறுகாயும் வரிசையாக நிற்பதைப் பாருங்கள், எது யாருடையது என்று கண்ணுக்குப் பிடிபடாது. டிசைன் தொடங்கும் முன் உங்கள் பொருள் வைக்கப்போகும் அலமாரியைப் போனில் படம் எடுங்கள், போட்டியாளர்கள் எல்லாரும் எந்த நிறத்தில் இருக்கிறார்களோ அந்த நிறத்தைப் பின்னணிக்கு விட்டுவிடுங்கள். மாம்பழத்திலேயே செந்தூராவின் சிவப்புக் கன்னம் இருக்கிறது, இலையின் கரும்பச்சை இருக்கிறது, மஞ்சள் மட்டும்தான் மாம்பழம் என்று யார் சொன்னது?

ஒரு முக்கிய நிறம், ஒரு துணை நிறம், கறுப்பு, வெள்ளை, அவ்வளவு போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க டிசைனைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். சிவப்பில் பச்சை எழுத்து கண்ணைப் பறிக்கும் என்று நினைப்போம், ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பலாக வரும், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது அப்படித்தான் தெரியும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், மஞ்சளில் கறுப்பு தூரத்துக்கு அருமையாகத் தெரியும்.

நம் ஊர் வெயிலை மறக்காதீர்கள். வெளியில் மாட்டும் ஃப்ளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் கூடுதல் நாள் தாங்கும். பெயரைச் சிவப்பில் போட்டு மேற்கே பார்த்து மாட்டினால் கொஞ்ச காலத்தில் அது வெளிறிய ரோஸ் ஆகிவிடும், போன் நம்பர் மட்டும் கறுப்பில் பளிச்சென்று நிற்கும். ஃப்ளெக்ஸைத் திருவிழா, தள்ளுபடி மாதிரி குறுகிய கால அறிவிப்புக்கு வைத்துக்கொண்டு, நிரந்தரப் பெயருக்கு ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய) பலகையில் வெட்டிய எழுத்தோ இனாமல் பெயிண்டோ போடுங்கள். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்கள் 2022 ஜூலை முதல் தடை செய்யப்பட்டவை என்பதையும் ஆர்டர் கொடுக்கும்போது நினைவில் வையுங்கள். உள்ளே விளக்கு வைத்த போர்டு என்றால் இருண்ட பின்னணியில் வெளிச்சமான எழுத்து நல்லது, வெள்ளைப் பின்னணி முழுக்க எரிந்தால் எழுத்தின் ஓரம் ஒளியில் கரைந்துவிடும்.

பவுச், லேபிள், பெட்டி

திரையில் பார்க்கும் பளிச்சென்ற ஆரஞ்சும் இளம்பச்சையும் அச்சில் அப்படியே வராது. திரை ஒளியில் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. அதனால் முழு ஆர்டர் போடுவதற்கு முன் அதே தாளில், அதே பவுச்சில் ஒரு மாதிரி அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். பழுப்புக் காகிதப் பவுச்சிலும் வெள்ளிப் பவுச்சிலும் அடியில் வெள்ளை மை இல்லாமல் அடித்தால் நிறம் மங்கும். வெள்ளை அடிப்பூச்சுக்குக் கூடுதல் செலவாகும், அது கட்டுப்படியாகாது என்றால் பழுப்புக் காகிதத்தில் கறுப்பு ஒற்றை நிறமே கம்பீரமாக இருக்கும்.

மிகச் சிறிய எழுத்துகளை நான்கு நிறக் கலவையில் அடிக்காதீர்கள், அச்சு இம்மி விலகினாலும் எழுத்து மங்கலாகிவிடும், தமிழின் சின்னச் சுழிகள் முதலில் போகும். தனிக் கறுப்பில் அடியுங்கள். இருண்ட பின்னணியில் வெள்ளையாக விடும் எழுத்துக்குத் தடிமனை ஒரு படி கூட்டுங்கள்.

உணவுப் பொருள் என்றால் லேபிளின் பின்பக்கம் சட்டத்துக்குரியது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண், சைவம் என்றால் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தேதிகள், மூலப்பொருள்கள், சத்து விவரம், முகவரி, புகார் தொடர்பு. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போடலாம். அதாவது, தமிழில் மட்டும் லேபிள் போட்டால் சட்டப்படி போதாது. நான் பரிந்துரைப்பது: முன்பக்கத்தைத் தமிழுக்குக் கொடுங்கள், பின்பக்கக் கட்டாய விவரங்களுக்கான இடத்தை டிசைன் தொடங்கும்போதே அளந்து ஒதுக்குங்கள். கடைசியில் திணித்தால் எல்லாம் எறும்பளவில் வந்து நிற்கும். வத்தல்மலைச் சாமையோ பென்னாகரத்து ராகியோ, விளைந்த இடத்தின் பெயர் உண்மையாக இருந்தால் அதை முன்பக்கத்திலேயே தெளிவாகப் போடுங்கள், அதற்கு மதிப்பு இருக்கிறது.

மாம்பழ அட்டைப்பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெளி அட்டையில் அடிக்கும் அச்சில் மை பரவும், மெல்லிய கோடு அடைந்துவிடும், நுணுக்கமான படம் கறையாக வரும். அங்கே ஒரே நிறம், தடித்த எழுத்து, சுழிகளுக்குள் தாராளமான வெற்றிடம். பீப்பாய், மரப்பெட்டி மேல் தகடு வெட்டி மை அடிக்கிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டியது, ல, ஒ, ழ மாதிரி மூடிய சுழியுள்ள எழுத்துகளில் நடுத்துண்டு விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள சின்னப் பாலங்கள் விட்டு வரைய வேண்டும். ஆகவே லோகோவில் முதல் நாளே ஒற்றை நிற வடிவம் ஒன்று தயாராக இருக்கட்டும். கறுப்பு மட்டும் வைத்து நிற்காத லோகோ ரப்பர் ஸ்டாம்பிலும் பில் புக்கிலும் நிற்காது.

போனில்

வாட்ஸ்அப் படம் வட்டமாக வெட்டப்படும், அரட்டைப் பட்டியலில் அது விரல்நகம் அளவு. அதில் முழுப் பெயர், போன் நம்பர், சாமி படம் எல்லாம் போட்டால் எதுவும் தெரியாது. பெயரின் முதல் எழுத்து ஒன்றை மட்டும் உங்கள் நிறத்தில் பெரிதாக வையுங்கள். ஒற்றைத் தமிழ் எழுத்து, அதிலும் ஆ, ஓ, ஞ, ழ மாதிரி வளைவுள்ளவை, தானாகவே ஒரு சின்னம். ஸ்டேட்டஸ் படம் 1080-க்கு 1920 பிக்சல், மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள், அங்கே ஆப்பின் பொத்தான்கள் வரும். ஒரு படத்தில் ஒரு செய்தி: பொருள், விலை, எப்படி வாங்குவது. போன் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போட்டால் பார்த்து அழுத்த எளிது. பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் 2010-இல் வந்த ரூபாய்க் குறியீடு கிடையாது, வெறும் கட்டம் வரும், அப்போது "ரூ." என்று போடுங்கள்.

டிசைனரிடம் கொடுப்பதும் வாங்குவதும்

நம் ஊர் டிடிபி சென்டர்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றில் தட்டச்சிட்ட தமிழ், உண்மையில் கணினிக்கு ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருவை மாற்றினால் எல்லாம் குப்பையாகிவிடும். நீங்கள் போனில் தட்டச்சிடுவது யூனிகோட், அதாவது எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியீட்டு முறை. உங்கள் வாசகங்களைச் சரிபார்த்து யூனிகோடில் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பி, அதையே ஒட்டச் சொல்லுங்கள், மறுபடி தட்டச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி அடிக்கும்போதுதான் ர, ற, ன, ண மாறுவதும் ஒற்று விடுபடுவதும் நடக்கிறது. ஃபோட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, "கொ" உடைந்து வருகிறது என்றால் எழுத்துருவில் கோளாறு இல்லை; அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை, புதிய பதிப்புகளில் வேர்ல்ட் ரெடி என்று இருப்பதை, மாற்றினால் சரியாகிவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமலே பலர் யூனிகோட் எழுத்துரு ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பில் எழுத்துகளைக் கர்வ்ஸாக (வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றிவிடுவார்கள், அதன் பிறகு திருத்த முடியாது. ஆகவே கர்வ்ஸ் ஆவதற்கு முன் ஒரு தடவை, ஆன பிறகு ஒரு தடவை, திரையில் பார்க்காமல் தாளில் அச்செடுத்துப் படியுங்கள். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படித்தால் பிழை சிக்கும், ஏனென்றால் அர்த்தம் ஓடாது, எழுத்து மட்டும் கண்ணில் படும். வீட்டில் நன்றாகத் தமிழ் படித்த அத்தையோ தாத்தாவோ இருந்தால் அவர்களிடமும் கொடுங்கள். வெட்டும் விளிம்புக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணி நீள வேண்டும், புகைப்படங்கள் அச்சளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும். பெரிய ஃப்ளெக்ஸுக்கு 100 இருந்தாலே போதும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வேலை முடிந்ததும் ஜேபெக் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு, கர்வ்ஸ் செய்த பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒற்றை நிற வடிவம், எழுத்துருக்களின் பெயர்கள், நிறங்களின் அச்சு எண்களும் திரை எண்களும், இவ்வளவும் உங்களுக்குச் சேர வேண்டியவை. இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்புகளை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், தமிழ் உடையாமல் வருகிறதா என்று.